பாதி மணி

தம்பி அப்பாவைப் புரட்டி நிமிர்த்தினான். அவர் விலாவுக்கடியில் அழுந்திக் கிடந்த பொத்தான் விடுபட்டதும் கூடத்து மணி 'டாங்' என்றது.

யாரோ வந்திருக்கிறார்கள் என்று அக்கா வாசலுக்கு இரண்டடி வைத்தாள். பிறகுதான் விளங்கியது. அப்படியே நின்றுவிட்டாள்.

அந்த மணி அழுத்தினால் 'டிங்', விட்டால் 'டாங்'. விடாமல் அழுத்தினால் பாதியோடு நின்றுபோகும். அப்பா படுத்த படுக்கையானதும் தம்பிதான் வாசல் மணியிலிருந்து ஒயர் இழுத்துக் கட்டிலில் ஒரு பொத்தான் வைத்தான். வீடு வீடாக ஒயரிங் செய்கிறவன்; அப்பாவுக்கு அவன் 'கரண்டு'.

"ஷாக் அடிச்சு என்னை முடிச்சிடாதடா கரண்டு."

"மீட்டர் பெட்டிக்கு மேல குட்டியா டிரான்ஸ்பார்மர் இருக்குல்ல, அது லைன் கரண்டைப் பன்னெண்டு வோல்ட்டாக் குறைச்சுத்தான் அனுப்பும். ஈரக்கையோட தொட்டாலும் ஒண்ணும் ஆகாதுப்பா."

"அப்ப உன்னைவிட சாது," என்றார் அப்பா.

மதியம் அக்கா அலுவலகத்தோடு போனில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது ஒரு 'டிங்' கேட்டது. 'டாங்' வரவில்லை. பக்கத்து வீட்டிலும் இதே மணிதான். சுவரைத் தாண்டி அரையும் குறையுமாக வருவது வழக்கம். போனை வைத்தாள். காய்ந்த துணிகளை மடித்தாள். டீயோடு அப்பாவை எழுப்பப் போனால், அவர் மூச்சில்லாமல் குப்புறக் கிடந்தார். அவள் போட்ட சத்தத்தில், அப்போதுதான் வேலையிலிருந்து திரும்பிய தம்பி ஓடிவந்தான்.

"அந்த டிங் இங்கதான் அடிச்சுதாடா?"

"பக்கத்து வீடா இருக்கும்க்கா."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். நெனச்சுட்டு உக்காந்து துணி மடிச்சேன்." அப்பா கூப்பிட்டிருக்கிறார், தான் போகவில்லை என்று ஆகிவிட்டால் இனி எந்த முகத்தோடு இந்த வீட்டில் நடமாடுவது?

தம்பி போர்வையைச் சரிசெய்தான்.

"அழுத்திட்டே இருந்தா டிரான்ஸ்பார்மர் கொதிக்கும்னு நீதானே சொல்லுவ? சும்மா இருந்தா வெதுவெதுப்புதான்னு. போய்த் தொட்டுப் பாரு."

"இப்ப எதுக்குக்கா அதெல்லாம்? டாக்டர் வரட்டும்."

"நீ பாக்குறியா, நான் ஏறட்டுமா?"

சொன்னால் செய்கிறவள். தம்பி ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினான். அக்கா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு அவன் முகத்தையே பார்த்தாள். பெட்டிக்கு மேலிருந்த டிரான்ஸ்பார்மரில் கையை வைத்தான்.

"எப்பவும் போலதான் இருக்கு. பொத்தான் இப்பதான் அழுந்தியிருக்கு. நீ உள்ள வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான். டீ போடுற சத்தத்துல உனக்குக் கேட்டிருக்காது."

"நெஜமாவா?"

"வச்ச கைய எடுக்காமத்தானே பேசிட்டிருக்கேன்?"

அவன் முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை. அக்காவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. ஸ்டூலின் காலைப் பிடித்தபடியே விம்மி விம்மி அழுதாள். அவள் அழுது முடிக்கும்வரை அவன் கையை எடுக்கவில்லை.

"இறங்குடா," என்றாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"தண்ணி குடிச்சிட்டு வரேன்."

சமையலறையில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு டம்ளர் தண்ணீருக்கு அவ்வளவு நேரம் ஆகாதே என்று எட்டிப் பார்த்தாள். தம்பி முதுகைக் காட்டி நின்றிருந்தான். செக்கச் செவேலென்றிருந்த உள்ளங்கையின்மேல் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

அக்கா ஓசைப்படாமல் திரும்பி வந்து கட்டிலருகே உட்கார்ந்தாள். குழாய் நிற்க வெகுநேரமாயிற்று.

"குடிச்சிட்டியாடா?" என்று இங்கிருந்தே கேட்டாள்.

"ம்... குடிச்சிட்டேன்க்கா."