தினம் அரை லிட்டர்

கோமாளி மீன் வீட்டுக்கு வந்து மூன்றாம் நாளாகியும் ஒரு தீனி உருண்டையைக்கூடத் தொடவில்லை. பாறைக்குப் பின்னால் ஒதுங்கி, செவுள்கள் படபடக்க மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. இன்னும் சில நாள் இப்படியே போனால் பிழைக்காது. செத்தால் அது என் கையால்தான்.

நான் எதையும் அவசரப்பட்டுச் செய்யவில்லை. செவ்வாய்க்கிழமை மாலை மீன் வளர்ப்பு வகுப்பில் டீச்சர் சொன்னதையெல்லாம் நோட்டில் எழுதி, அதன்படிதான் அறுபது லிட்டர் தொட்டியை வெயில் படாத சுவரோரம் வைத்தேன். வடிகட்டிய தண்ணீரில் கடல் உப்பைக் கரைத்து, உப்பு அளக்கும் மானி கடல்நீரின் அளவான 1.025 காட்டிய பிறகே ஊற்றினேன். பாறைகளை அடுக்கி, மோட்டாரை ஓடவிட்டு, மீனே இல்லாத தொட்டியை நான்கு வாரம் பார்த்துக்கொண்டேன். மீன் கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் அதற்குள் பெருக வேண்டுமாம்.

அண்ணனுக்கு அந்த நான்கு வாரமும் கொண்டாட்டம். அவன் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சமையல்காரன். ரத்த அழுத்தம் ஏறிப்போனதால் டாக்டர் அவனுக்கு உப்பை நிறுத்தியிருந்தார்.

"எனக்கு ஒரு கல் உப்புக்கு வழியில்ல. இல்லாத மீனுக்கு மூட்டை உப்பா?" என்பான்.

மீன் வந்த மூன்றாம் நாள் மாலை, அவன் உப்பில்லாத சோற்றை மென்று விழுங்கிக்கொண்டிருந்தான். நான் வழக்கம்போல் வாளியில் உப்பைக் கரைத்துக்கொண்டிருந்தேன்.

"தினமும் அதுல என்னத்த ஊத்தற?"

"தண்ணி ஆவியாகிக் குறையுது அண்ணா. அரை லிட்டர் ஈடு கட்டறேன்."

"உப்புத் தண்ணியா?"

"கடல் மீனாச்சே."

அவன் மெல்லுவதை நிறுத்தினான். "தண்ணி ஆவியா போச்சு, சரி. உப்பு எங்க போச்சு?"

நான் கலக்குவதை விட்டு நிமிர்ந்தேன்.

"அடுப்புல வெச்சது சுண்டினா தண்ணி ஊத்துவாங்களா, உப்பு போடுவாங்களா? நீ மட்டும் என் கேன்டீன்ல நின்னா பாதிப் பேர் ஆஸ்பத்திரில படுத்திருப்பாங்க."

"தினமும் அளந்துதான் ஊத்தறேன்" என்று நோட்டைப் புரட்டிக் காட்டினேன். முப்பத்தொரு வரி. எல்லாவற்றிலும் 1.025.

"இது வாளியோட அளவா, தொட்டியோட அளவா?"

வாளியுடையது. தொட்டியை முதல் நாளோடு சரி, அதன்பின் அளக்கவே இல்லை. சரியான தண்ணீரில் சரியான தண்ணீரை ஊற்றினால் சரியாகத்தானே இருக்கும் என்று நினைத்திருந்தேன். மானியைத் தொட்டியில் இறக்கினேன். 1.032.

"ஊர்க் கண்ணையெல்லாம் அளக்கிற, கணக்குப்பிள்ளை" என்றான் அண்ணன். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் பார்வை அளப்பவள். ஆனால் அவன் சிரிக்கவில்லை. தட்டை வைத்துவிட்டு வந்து தொட்டிக்குள் குனிந்து பார்த்தான்.

டீச்சருக்கு போன் போட்டேன். ஊற்றியதையும் 1.032 என்பதையும் சொன்னேன்.

"பதறாதீங்கம்மா. ஒரேயடியா குறைச்சா தாங்காது. தினமும் ரெண்டு லிட்டர் எடுத்துட்டு, உப்பில்லாத வடிகட்டின தண்ணி ரெண்டு லிட்டர் மெதுவா ஊத்துங்க. ஆவியாகிறதுக்கும் அதே தண்ணிதான். வகுப்புல சொன்னேனே."

நோட்டைப் பார்த்தேன். 'குறைந்தால் நிரப்பவும்' என்று மட்டும் எழுதியிருந்தேன். எந்தத் தண்ணீரால் என்பதை விட்டுவிட்டேன்.

மறுநாள் 1.031. அதற்கு அடுத்த நாள் 1.030. மீன் சாப்பிடவில்லை. கடைக்கே திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று மீன் வந்த பையை இரண்டு முறை கையில் எடுத்தேன். மறுபடி வேறு தொட்டித் தண்ணீருக்கு மாற்றினால் அதிலேயே மீன் செத்துவிடும் என்று தோன்றியதால் கீழே வைத்தேன். அண்ணன் வேலைக்குக் கிளம்பும் முன் செருப்பை மாட்டிக்கொண்டே, "தின்னுச்சா?" என்று கேட்பான். இல்லை என்று தலையாட்டுவேன்.

டீச்சர் சொன்னபடி தண்ணீர் மாற்றத் தொடங்கிய ஐந்தாம் நாள் மானி 1.027 காட்டியது. மீனின் மூச்சு நிதானமாகியிருந்தது. உருண்டை ஒன்றைப் போட்டேன். மீன் பாறையைச் சுற்றி வந்து அதைக் கவ்வியது, துப்பியது, மறுபடி கவ்வி விழுங்கியது. இன்னும் இரண்டு போட்டேன். அவற்றையும் தின்றது.

"உப்பு குறைஞ்சதும் அதுக்குப் பசிக்குது. எனக்கு மட்டும் ஏன் வாய் கசக்குது?" என்றான் பின்னால் நின்ற அண்ணன்.

நோட்டில் புதிதாக 'தொட்டி' என்று ஒரு கட்டம் போட்டு, 1.027, மூன்று உருண்டை என்று எழுதினேன். அண்ணன் எட்டிப் பார்த்தான்.

"ஒண்ணைத் துப்புச்சே, அதை எழுதலையா?"

எழுதினேன்.