நாலடிக்குக் கீழே இருந்த சூடு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் எழுத உட்கார்ந்தது கதை அல்ல, பூமியின் உட்புறம் பற்றி ஒரு கட்டுரை. நாம் நிற்பது மேலோடு, அதற்குக் கீழே கவசம், நடுவில் கரு. இப்படித் தொடங்கினேன்:

நமது பூமி பல அடுக்குகளால் ஆன ஒரு

அது அப்படியே கிடக்கட்டும். ‘ஆழம் போகப் போக வெப்பம் கூடும்’ என்று அடுத்த வரியை எழுதியதும் ஒரு பெண் உள்ளே வந்து, “நெசமாவா?” என்று கேட்டாள். அதோடு கட்டுரை கெட்டது.

2

அவள் காளியாயி. (முதலில் வேறு பெயர் வைத்தேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.) இலங்கை மலைநாட்டில், நானுஓயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள். 1953, தை மாதம். தேயிலையையே பனி கருக்கிப்போடும் காலம். அவளுடைய கைக்குழந்தை லயத்து ஒற்றை அறையின் குளிரில் சளி கட்டி இறந்துபோயிற்று. விடிந்ததும் புருஷன் பழனியாண்டியும் அவன் தம்பி சோலைமலையும் குழி வெட்டுகிறார்கள். பெண்கள் மயானத்துக்கு வரும் வழக்கம் இல்லை. காளியாயி வந்துவிட்டாள், மழைக்குப் போர்த்தும் தன் கம்பளியில் பிள்ளையைச் சுற்றிக்கொண்டு. யாரும் தடுக்கவில்லையா என்று கேட்பீர்கள். தடுக்கிற காட்சியை இரண்டு தரம் எழுதிக் கிழித்தேன். அவளைப் பார்த்து அப்படிப் பேச எனக்கே வாய் வரவில்லை.

“இன்னும் தோண்டுங்க. புள்ள குளுர்லதான் போச்சு. மண்ணுக்குள்ளயும் குளுருமே.”

சோலைமலை ஆறுதலுக்குத்தான் சொன்னான். “இல்லங்க அண்ணி. பூமிக்குள்ள நெருப்பாம். கீழ போகப்போகச் சூடாம். பள்ளிக்கூடத்து வாத்தியாரு சொன்னாரு.”

“அப்ப சூடு வர்ற வரைக்கும் தோண்டுங்க தம்பி.”

கறுப்பு மண் முடிந்தது, செம்மண் முடிந்தது. நாலடியில் மம்பட்டி ‘ணங்’கென்று நின்றது.

“கல்லு புள்ள,” என்றான் பழனியாண்டி. “இதுக்கு மேல போவாது.”

3

போகாதது அவனுக்கு. எழுதுகிறவனுக்கு ஒரு வாக்கியம் போதும்: பாறை பிளந்தது.

இறங்கினேன். பாறைக்குக் கீழே பாறை, அதற்கும் கீழே பாறை. கவசம் முழுக்கத் திடமான கல்தான், ஆனாலும் அது நகர்கிறது, நகம் வளர்கிற வேகத்தில். பிறகு உருகிய இரும்பின் கடல். சூரியன் எட்டிப் பார்க்காத கடல். அதற்கும் நடுவில், சூரியனின் மேற்பரப்பைப் போலத் தகிக்கும் ஓர் இரும்புருண்டை. அத்தனை சூட்டிலும் உருகவில்லை, ஏனென்றால் எல்லா மலைகளும் எல்லாக் கடல்களும் அதன் மேல் அழுத்திக்கொண்டிருக்கின்றன. பனியில் விறைத்த இந்தத் தோட்டத்துக்கு அடியிலா இவ்வளவு நெருப்பு!

(இங்கேயே முடிக்கலாம் என்று பார்த்தேன். ஆனால் இங்கே ஒரு பிள்ளையைப் படுக்கவைக்க முடியாது.)

4

திரும்பி வந்தபோது காளியாயி குழிக்குள் இறங்கியிருந்தாள். செருப்பில்லாத கால். மேலே புல்லெல்லாம் வெள்ளையாகப் பனி. குனிந்து, பாறைக்கு மேல் ஒட்டியிருந்த மண்ணில் உள்ளங்கையை அழுத்தி வைத்தாள். வெகுநேரம் வைத்திருந்தாள்.

“சூடாத்தான் இருக்கு,” என்றாள்.

அவள் பொய் சொல்லவில்லை. நானும் கை வைத்துப் பார்த்தேன்.

(அடிக்குறிப்பு: நாலடி ஆழத்துக்கு இரவுக் குளிர் எட்டாது. பழைய வெயிலை மண் பிடித்துவைத்திருக்கிறது, அவ்வளவுதான். கருவின் நெருப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.)

இதை அவளிடம் சொல்வதா? கட்டுரை எழுத வந்தவன் சொல்லத்தான் வேண்டும். என்னால் ஆகாது. இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவள் அழுதாள், மற்றதில் 

5

பழனியாண்டி முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறான். சோலைமலை மம்பட்டியைப் பிடித்தபடி குந்திவிட்டான். பிள்ளையைச் சுற்றிய கம்பளி குழியின் விளிம்பில் கிடக்கிறது. காளியாயி உள்ளே நின்று இரண்டு கைகளையும் மேலே நீட்டியிருக்கிறாள்.

பக்கத்தில் இருப்பது நீங்கள்தான். அடிக்குறிப்பைச் சொல்வதானால் இப்போதே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் பிள்ளையை எடுத்துக் கொடுங்கள்.

தலையைத் தாங்கிக் கொடுங்கள்.