ஈர இலை

பனி காய்வதற்குள் நான்கு வரிசை பறித்தாகிவிட்டது. எர்வினோ கையிலிருந்த புகையிலைக் கட்டை மாட்டுவண்டியில் போட்டுவிட்டு, ஒரு காலை இழுத்தபடி வீட்டுப் படிக்கு வந்து உட்கார்ந்தான். சட்டை நனைந்து மார்போடு ஒட்டியிருந்தது. செவ்வாய்க்கிழமைதோறும் எட்டு மணிக்கு மாநிலத் தலைநகர் போர்ட்டோ அலெக்ரேயிலிருந்து நர்ஸ் ரோசானே கைப்பேசியில் முகம் காட்டுவாள்.

சிகரெட்டை விட்டுப் பதினோரு வாரம். மாத்திரை தபாலில் வந்தது. தெம்பு ரோசானேயிடமிருந்து வந்தது. இன்று எச்சிலில் நிக்கோட்டின் இருக்கிறதா என்று சோதனை. தாள் வெள்ளையாகவே இருந்தால், அடைத்துப்போன கால் ரத்தக்குழாய்க்கு அறுவைச் சிகிச்சை. சிவந்தால் பட்டியலில் பெயர் ஏறாது. கால்விரல்கள் ஏற்கெனவே கறுக்கத் தொடங்கியிருந்தன.

"கையச் சோப்புப் போட்டுக் கழுவுங்க," என்றாள் மனைவி நெல்சி.

கழுவிவிட்டுத் தாளை நாக்கடியில் வைத்து எடுத்தான். சிவந்தது.

"அண்ணே, எத்தனை குடிச்சீங்க?" ரோசானே குரலை உயர்த்தவில்லை.

"ஒண்ணுகூட இல்ல."

"நான் திட்ட மாட்டேன். ஆனா தெனம் குடிக்கிறவங்களுக்குத்தான் இந்த நெறம் வரும்."

அவன் நெல்சியைப் பார்த்தான். அவள் கோழிக்கூட்டைப் பார்த்தாள். முன்பு அங்கேதான் சிகரெட்டை ஒளித்துவைப்பான்.

"சத்தியமா, நெல்சி."

"முப்பது வருஷமா நீங்க பண்ணின சத்தியத்த வண்டியில ஏத்தினா மாடு படுத்துடும்."

"தாளு கெட்டுப்போயிருக்கலாம்," என்றாள் ரோசானே. "சிகரெட்டே தொடாதவங்க வீட்டுல இருக்காங்களா? அவங்க வச்சுப் பாக்கட்டும்."

மகள் ஜனைனி வயலிலிருந்து வந்தாள். ஐந்து மாத வயிறு. முன்பக்கம் முழுக்க இலைப் பிசினும் பனியும்.

"சிகரெட்டா? நானா? இலை வாடைக்கே காலையில ரெண்டு தடவ வாந்தி எடுத்துட்டேன்," என்று சிரித்தபடி கை கழுவினாள். தாளை வாயில் வைத்தாள்.

அதுவும் சிவந்தது.

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று நெல்சி கைப்பேசியைப் பார்த்தாள். அறுந்திருக்கவில்லை. ரோசானேயின் வாய் திறந்தபடி இருந்தது.

"நீங்கல்லாம் என்ன வேலை பாக்குறீங்க?"

"புகையிலைதான். இங்க வேற என்ன இருக்கு?" என்றாள் நெல்சி.

ரோசானே சொன்னாள். "ஈர இலையிலேர்ந்து நிக்கோட்டின் தோல் வழியா ஏறியிருக்கு. அண்ணன் ரெண்டு வாரம் வயல்ல எறங்காம இருக்கட்டும். தாள் வெளுத்தா பேர எழுதறேன்."

"ரெண்டு வாரத்துல இலை கருகிடும்," என்றான் எர்வினோ. "இலை வாங்குற கம்பெனிக்காரன் தொட மாட்டான்."

"உங்க வரிசையையும் நான் பறிக்கிறேம்ப்பா."

"நீ வேண்டாம்மா, வயித்துல..." என்றாள் ரோசானே. ஜனைனி அதற்குள் படியிறங்கிவிட்டாள்.

நெல்சி கூப்பிட வாயெடுத்தாள். எர்வினோ காலைப் படியில் நீட்டியிருந்தான். அந்தக் கறுத்த விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வரிசையில் ஜனைனி இலையை ஒடித்தாள். கை நிறைந்ததும் மிச்சத்தை வயிற்றின் மேட்டில் அணைத்துக்கொண்டு அடுத்த செடிக்கு நகர்ந்தாள்.