தன்னைத் தின்ன மறந்த வித்து

நிழல்வலைக் கூடத்துக்குள் நுழைந்த ஹெலினா, நெல் இலைகளில் பழுப்புப் புள்ளிகளைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். பச்சை வலை வழியாக இறங்கிய காலை வெயில், கூடத்தையே குளத்தின் அடிப்பகுதி போல ஆக்கியிருந்தது.

குலைநோய்ப் பூஞ்சையின் வித்து இலை மேல் விழுந்ததும், அதற்குள் ஒரு சமிக்ஞை ஓடும். உடனே வித்து தன்னையே தின்னத் தொடங்கும். தின்று சேர்த்த வலுவையெல்லாம் ஒரே புள்ளியில் குவித்து இலையைத் துளைக்கும். அந்தச் சமிக்ஞைக்கான மரபணுவை நீக்க ஹெலினாவுக்கு மூன்று வருடம் ஆனது. திருநின்றவூர் ரயிலில் கண் அசரும்போதெல்லாம் அந்த வித்துதான் வரும். பசியே தெரியாமல் இலை மேல் உறங்கும் கண்ணாடி உருண்டையாக. அந்த வித்தைத் தெளித்த இலையில் புள்ளி வரவே கூடாது. வந்தால் ஆய்வே பொய். நாளை அவளுடைய ஆய்வு கைடு ஜெயராமன் பார்க்க வருகிறார்.

"இன்னாம்மா, பேயறஞ்ச மாறி நின்னுகினு கீற?" தண்ணீர்க் குழாயோடு வந்தாள் நாகம்மா. பாரிவாக்கத்துக்காரி; கூடத்துச் செடிகள் அவள் பொறுப்பு. "சோறு துன்னியா, இல்ல உன் பூஞ்ச மாறி உன்னயே துன்னுகினு கீறியா?"

"புள்ளி வந்திருக்குக்கா."

"நான் நல்லாத்தாம்மா பாத்துகினேன். நட்ட அன்னிக்கே எல நுனியெல்லாம் கிள்ளி வுட்டேனே."

"கிள்ளினீங்களா?"

"கிள்ளாம யாராச்சும் நாத்து நடுவாங்களா? நுனில பூச்சி முட்ட கிட்ட இருந்தா அதோட போய்டும்ல."

நாற்று நட்ட அன்று மாலைதான், மங்கிய வெளிச்சத்தில் அவசரமாக, ஹெலினா வித்து கலந்த நீரைத் தெளித்திருந்தாள். இப்போது குனிந்து பார்த்தாள். புள்ளிகள் எல்லாமே கிள்ளிய நுனியிலிருந்து கீழே இறங்கியிருந்தன. காயம் என்பது திறந்த கதவு. அதற்குள் நுழைய எதையும் துளைக்க வேண்டாம். தன்னைத் தின்னவும் வேண்டாம். ஒருவேளை ஆய்வு பொய்யில்லை. ஆனால் அதைச் சொல்ல, கிள்ளாத இலை ஒன்றாவது வேண்டும்.

"கெட்டுப்போச்சாம்மா?" நாகம்மாவின் குரல் இறங்கியிருந்தது.

"தெரியலக்கா. உங்க கைக்குத் தப்பின இலை ஏதாவது இருக்குமா?"

"கீதோ இல்லியோ, தேடிப் பாப்போம், வா."

இருவரும் தொட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து தேடினார்கள். மூலைத் தொட்டியில், ஒரு தூருக்குள் மடிந்து சிக்கிய இலையை நாகம்மா காட்டினாள். "இத்த நான் தொடல."

ஹெலினா அதைக் கிழியாமல், மெல்ல உருவினாள். நனைந்த இலை விரல்களுக்கிடையே வழுக்கிக்கொண்டு வந்தது. பச்சை. இன்னும் பச்சை. நுனி மட்டும் இன்னும் உள்ளேயே இருந்தது.