கழுவாத கால்

"காலை நீட்டுங்கன்னா…"

"நாரைக் கீழ போடு மலரு, சாமியார் என்ன சொல்லியிருக்காருன்னு…"

"அவரு சொல்லுவாரு. ஊரு பாக்கப்போறது என் குடித்தனத்த."

தங்கராசு வெங்காயக் கொல்லைக்குத் தண்ணி கட்டிவிட்டு அப்போதுதான் வந்து நின்றான். முழங்கால் வரைக்கும் கரிசல் சேறு. மலர்கொடி ஒரு கையில் சோப்பும் மறு கையில் தேங்காய் நாருமாக வழிமறித்து நின்றாள். அன்றைக்குப் பெரிய வியாழன். ஏசு சீடர்களுக்குக் கழுவின மாதிரி, சாயங்காலப் பூசையில் சாமியார் பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவுவார். இந்த வருசம் தங்கராசு அதில் ஒருத்தன்.

கீழத்தெருவிலிருந்து ஒரு ஆள் அந்த வரிசையில் உட்காருவது இதுதான் முதல் தடவை. இத்தனை வருசமும் மேலத்தெருக்காரர்கள்தான். வீட்டிலேயே இரண்டு தடவை கழுவி, பவுடர் போட்டு, அரியலூரில் வாங்கின சென்ட்டையும் அடித்துக்கொண்டு வந்து நீட்டுவார்கள். சாமியார் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுத் துடைப்பார்.

புதுசாக வந்த சாமியார்தான் அதை மாற்றினார். ஞாயிற்றுக்கிழமை வேதாகம வகுப்பில் சொல்லிவிட்டார்: "அந்தக் காலத்து யூதேயாவுல தார் ரோடா இருந்துச்சு? ஆடும் கழுதையும் போன மண்ணுல நடந்து வந்தாங்க. வந்தவங்க காலைக் கழுவுறது, வீட்டுல இருக்கறதுலயே கடைசி அடிமையோட வேலை. அது தெரிஞ்சாத்தான் சீடரு பேதுரு, 'நீங்க என் காலைக் கழுவ வேணாம்'னு ஏசுவை ஏன் தடுத்தாருன்னு புரியும். அதனால யாரும் கழுவிட்டு வரக்கூடாது."

"அடிமை வேலையை அவரு புஸ்தகத்துல படிச்சாரு. எங்கப்பாரு பண்ணையில செஞ்சாரு," என்றாள் மலர்கொடி. "மேலத்தெரு போனப்ப பவுடரு, நாம போறப்ப சேறா?"

"எல்லாருக்குந்தான் சொன்னாரு."

"நீங்க ஒருத்தருதான் கேப்பீங்க. இருபது வருசத்துல நான் சொன்னது ஒன்னைக் கேட்டிருக்கீங்களா?"

"அவரு சாமியாரு. நீ…"

"சொல்லுங்க. நான்?"

தங்கராசு அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிட்டு, சேற்றுக்கால் மேலேயே வெள்ளை வேட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

மலர்கொடி விடுகிறவளா? சோப்பையும் நாரையும் பைக்குள் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனாள். கோயில் குழாயடியில் பிடித்துவிடலாம் என்று கணக்கு. அங்கே சாமியாருக்கு ஒத்தாசையாகக் கோயில் வேலை பார்க்கும் உபதேசியார் செல்லக்கண்ணு காவலுக்கு நின்றார்.

"குழாயைத் தொடக்கூடாதும்மா. சாமியார் உத்தரவு."

"ஒரு காலு மட்டும் உபதேசியாரே."

"ஒரு காலா?"

"ஜனங்க பக்கம் இருக்கற காலு."

அவர் நகரவில்லை.

உள்ளே பெண்கள் பக்கம் உட்கார்ந்து எட்டிப் பார்த்தாள். அவள் சொன்னது சரியாகப் போயிற்று. மற்ற பதினோரு பேரும் சோப்புப் போட்டுக் கழுவி, அதற்கு மேல் சலித்த செம்மண்ணைத் தூவிக்கொண்டு வந்திருந்தார்கள். சென்ட் வாசம் மட்டும் போகவில்லை. சாமியார் நாலு சொட்டு விட்டதும் மண் ஓடிப்போய்க் கால் பளபளத்தது.

கடைசியில் தங்கராசு.

முதல் செம்புத் தண்ணீரில் சேறு நனைந்தது, அவ்வளவுதான். இரண்டாவதில் தாம்பாளம் கறுத்தது. மலர்கொடி முக்காட்டை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டாள். பாடகர் குழு பாட்டை முடித்துவிட்டு, வேறு வழியில்லாமல் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. செல்லக்கண்ணு வாளியோடு ஓடினார். தான் காவல் காத்த அதே குழாய்க்கு.

பாட்டு மூன்றாவது தடவை வந்தபோது அவள் முக்காட்டை விலக்கினாள். சாமியார் அங்கியைச் சுருட்டிக்கொண்டு, மண்டி போட்டு, வேர்க்க வேர்க்கத் தேய்த்துக்கொண்டிருந்தார். தங்கராசு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். மேலத்தெரு மொத்தமும் கழுத்தை நீட்டிப் பார்த்தது. கழுவிக்கொண்டு வந்த பதினோரு பேர் காலையும் ஒருத்தரும் இப்படிப் பார்க்கவில்லை.

சாமியார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு துண்டை எடுத்தார். குதிகால் வெடிப்பில் கறுப்பு அப்படியே இருந்தது. துடைத்துவிட்டு எழுந்துவிடப் பார்க்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது.

மலர்கொடி பையைத் திறந்தாள். எழுந்தாள். எல்லோரும் பார்க்க நடு வழியே நடந்து போய் அவர் முன்னால் நின்றாள்.

"இந்தாங்க சாமி, தேங்கா நாரு. குதிகாலை நல்லாத் தேய்ங்க. அந்தக் காலத்து அடிமை பாதியில வுட்டுட்டு எந்திரிச்சிருக்க மாட்டான்."