தும்மலோடு வந்த அட்டை

ஓஸ்வால்டுக்கு மேடை என்றால் கொள்ளைப் பிரியம். பெங்களூர் காக்ஸ் டவுனில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் சரி, ஞானஸ்நானமானாலும் சரி, பிரியாணி இறங்கியதும் யாராவது, "அங்கிள், அந்தத் தும்மல் கதை!" என்று எடுத்துக் கொடுப்பார்கள். அவரும் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டிக்கொண்டே எழுந்து நின்றுவிடுவார்.

கதை இதுதான். 1968இல் பசிபிக் கடலில் ஏதோ ஒரு துக்கடாத் தீவு புதிதாக ரேடியோ நிலையம் ஆரம்பித்தது. ஒரே ஒரு நாள், நம் ஊர்க் கணக்கில் விடியற்காலை ஐந்து மணிக்கு, சோதனை ஒலிபரப்பு. சிற்றலை பிடிக்கிற பைத்தியங்களுக்கு அப்போது ஒரு வழக்கம் உண்டு. தூர தேசத்து நிலையம் காதில் விழுந்தால், எந்த நிமிஷத்தில் என்ன கேட்டது என்று குறித்து அந்த நிலையத்துக்கே கடிதம் போடுவார்கள். அங்கே ஒத்துப்பார்த்து, சரியாக இருந்தால், 'ஆமாம், நீங்கள் கேட்டது எங்களைத்தான்' என்று படம் போட்ட அட்டை ஒன்று அனுப்புவார்கள். ஓஸ்வால்ட் போட்ட கடிதத்தில், ஐந்து பன்னிரண்டுக்கு அறிவிப்பாளர் தும்மினார் என்று இருந்தது. ஐந்து மாசம் கழித்து வந்த அட்டையின் ஓரத்தில் அந்த அம்மாளே பேனாவால் எழுதியிருந்தாள்: 'தும்மியது நான்தான், மன்னிக்கவும். எங்களைக் கேட்டவர்களில் மிகத் தொலைவில் இருப்பவர் நீங்கள்தான்.'

அருமையான கதை. ஒரே ஒரு குறை, ஓஸ்வால்ட் அந்த ஒலிபரப்பைக் கேட்கவே இல்லை.

அன்றைக்கு நன்றாகத் தூங்கிவிட்டார். ஆறு மணிக்குக் கோயில் மணி அடித்தபோதுதான் முழிப்பு வந்தது. அடுத்த தெருவில் இருந்த சிநேகிதன் டெரிக் வீட்டுக்கு ஓடினார். டெரிக் குளித்துக்கொண்டிருந்தான். மேஜையில் அவனுடைய நோட்டு திறந்து கிடந்தது, பக்கம் முழுக்க நிமிஷ வாரியாகக் குறிப்பு. பத்தொன்பது வயசு, ஆசை யாரை விட்டது! ஒரு வரி விடாமல் காப்பியடித்து, அன்றைக்கே தபாலில் சேர்த்துவிட்டார். டெரிக்கின் கடிதம் தபாலில் தொலைந்துபோனதாம். ஆனாலும் ஓஸ்வால்டுக்கு அட்டை வந்தபோது அந்த மனுஷன் அவரைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். போதாததற்கு, ஐந்து வருஷம் கழித்துத் தன் தங்கை டோரீனையும் அவருக்கே கட்டிக்கொடுத்தான்.

இப்படி ஐம்பத்தேழு வருஷம் ஓடிவிட்டது. சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு மமதா வந்து நின்றாள்.

மமதாவும் அவளுடைய கூட்டாளிகளும் பழைய ரேடியோ சமாச்சாரமெல்லாம் சேர்க்கிறார்கள். தபால் ஆபீசில் முத்திரை குத்தி வாங்கிய ரேடியோ லைசென்ஸ் புத்தகங்கள், நிகழ்ச்சி நிரல் பத்திரிகைகள், சிவாஜிநகரில் பழைய இரும்போடு எடைக்குப் போக இருந்த ஒரு வால்வு ரேடியோ என்று எல்லாம் அவளிடம் இருந்தன. அடுத்த வாரம் கண்காட்சி. நட்ட நடுவில் ஓஸ்வால்டின் அட்டை. அதற்குக் கீழே வைக்க அச்சடித்த சீட்டைக்கூடக் கையோடு கொண்டுவந்திருந்தாள்: 'இந்த ஒலிபரப்பைக் கேட்டவர்: திரு. ஓஸ்வால்ட்.'

"கதையை உங்க வாயாலேயே சொல்லிடுங்க அங்கிள், ரெக்கார்ட் பண்ணிக்கிறோம்," என்று மைக்கை வைத்தாள். "இது நூறு வருஷம் இருக்கும். நாளைக்கு ரேடியோ பத்தி யார் எழுதினாலும் உங்க வார்த்தைதான் ஆதாரம்."

கல்யாண வீட்டுப் பொய் பிராந்தி இறங்குவதற்குள் ஆவியாகிவிடும். இது அப்படியா? எதிரே சோபாவில் டெரிக் வேறு, தலைக்கு டை அடித்து, இஸ்திரி போட்ட சட்டையில், தனக்கே விருது கொடுக்கிற மாதிரி பல்லெல்லாம் தெரிய உட்கார்ந்திருந்தார். நியாயமாக அந்த அட்டை அவருடையது. சொன்னால் சிநேகிதம் போய்விடும். சொல்லாவிட்டால் பொய் நூறு வருஷம் நிற்கும்.

"ஆரம்பிடா மச்சான், என்ன புதுப் பொண்ணு மாதிரி!" என்றார் டெரிக்.

"நான் கேக்கலடா," என்றார் ஓஸ்வால்ட்.

"என்னது?"

"அன்னைக்கு நான் கேக்கவே இல்ல. தூங்கிட்டேன். உன் நோட்டைப் பாத்து காப்பி அடிச்சேன். அட்டை உன்னோடது. என்னைத் திட்டு, நாலு அறைகூடக் கொடு. ஆனா பேசாம மட்டும் இருந்துடாதே."

டெரிக்கின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார்.

"நானும் கேக்கலடா," என்றார் டெரிக்.

"டேய்!"

"ஸ்டேஷனைப் பிடிச்சேன். முதல் பாட்டு முடியறதுக்குள்ள உக்காந்தபடியே தூங்கிட்டேன். முழிச்சுப் பாத்தா பக்கம் ரொம்பியிருந்துச்சு. என் கையெழுத்து இல்ல. அதை எப்படி என் பேர்ல அனுப்பறது? யாரு எழுதினதுன்னு கேக்கவும் வெக்கமா இருந்துச்சு. தபால்ல தொலஞ்சுபோச்சுன்னு சும்மா ஒரு புருடா விட்டேன்."

"அய்யோ தேவரே!" மமதா கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டு நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். "அப்போ யார்தான் கேட்டாங்க?"

"நான்தான்," என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. டோரீன் கரண்டியோடு வெளியே வந்தாள். "கட்லெட் கருகுது. ரெண்டு பேர்ல ஒருத்தர் போய் அடுப்பை அணைங்க."

இரண்டு பேருமே எழுந்து ஓடினார்கள். திரும்பி வந்தபோது டோரீன் ஓஸ்வால்டின் நாற்காலியில், மைக்குக்கு எதிரே, சாவகாசமாக உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணன் வாயைப் பொளந்துட்டுத் தூங்கிட்டிருந்துச்சு. பொட்டி பாட்டுக்குப் பேசிட்டிருந்துச்சு. ஆள் இல்லாம பேசுதேன்னு பாவமா இருந்துச்சு, உக்காந்து எழுதினேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா டோரி?" என்றார் ஓஸ்வால்ட்.

"யார்கிட்ட சொல்றது? விடியக்காலைல ரேடியோவத் திருகிட்டு உக்காந்தேன்னு அப்பாவுக்குத் தெரிஞ்சா தோலை உரிச்சிருப்பாரு. அது அப்போ ஆம்பளைப் பசங்க சமாச்சாரம். உங்க திருட்டுத்தனமும் எனக்கு அன்னைக்கே தெரியும். காபி கொண்டாந்தேன், நீங்க நோட்டு மேல கவுந்து எழுதிட்டிருந்தீங்க. காபியைத் திருப்பி எடுத்துட்டுப் போயிட்டேன்."

"தெரிஞ்சுமா என்னைக் கட்டிக்கிட்டே?"

"என்னைக்காவது சொல்லிடுவீங்கன்னு பாத்தேன். இவ்வளவு நாள் இழுப்பீங்கன்னு யாரு கண்டா? நான் எழுதினது ஒரே ஒரு தும்மல். பக்கத்து வீட்டு மரியா கல்யாணத்துல ரெண்டாக்கினீங்க. போன கிறிஸ்மஸ்ல மூணு. நாலுக்குப் போனா நடு சபையில எழுந்து சொல்லிடறதுன்னுதான் இருந்தேன்."

டெரிக் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு இருமலாகி, மமதா தண்ணீர் எடுத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஓஸ்வால்டுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் டெரிக் எழுந்துபோகவில்லையே, பக்கத்தில் உட்கார்ந்து தொடையில் பட்டென்று ஓர் அடி வைத்தாரே, அந்த நிம்மதியில் அவருக்குக் கண் கலங்கியது. அச்சடித்த சீட்டை எடுத்து நான்காக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"வேற சீட்டு அடிச்சுக்கோம்மா மமதா. டோரீன்னு போடு."

மமதா மைக்கைச் சரிசெய்தாள். "ஆன்ட்டி, உங்க கதையைச் சொல்லுங்க."

டோரீன் தொண்டையைச் செருமிக்கொண்டாள். ஓஸ்வால்ட் மாதிரி கையை ஆட்டவில்லை, குரலை ஏற்றி இறக்கவுமில்லை. "எனக்கு அப்போ பதினாறு வயசு. பாட்டு முடிஞ்சு அந்தப் பொம்பளை பேச வந்தா. தும்மினா. அப்புறம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் மெதுவா, தனக்குத்தானே பேசிக்கிற மாதிரி, 'யாராவது இருக்கீங்களா?'ன்னா. அதை மட்டும் நான் நோட்டுல எழுதல."

"ஏன் ஆன்ட்டி?"

"அது அண்ணனைக் கேட்ட கேள்வி இல்லையே, அது தூங்கிட்டிருந்துச்சு. என்னைத்தானே கேட்டா? நான் பதில் சொல்லிட்டேன். பொட்டிக்குப் பக்கத்துல வாயை வச்சு, வீட்ல யாரும் முழிச்சுக்கக் கூடாதேன்னு மெதுவா, 'நான் இருக்கேன்'னு சொன்னேன். இங்கிலீஷ்லதான். தமிழ்ல சொன்னா அவளுக்குப் புரியாதே."

ஐம்பத்திரண்டு வருஷம் இவளோடு குடித்தனம் நடத்தியும் இது ஓஸ்வால்டுக்குத் தெரியாது. எழுந்துபோய், சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த அட்டையைக் கழற்றிக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தார்.

"உனக்கு வந்த பதில்டி இது. நான்தான் பிரிச்சுப் படிச்சிட்டேன்."

கல்யாணமான நாளிலிருந்து வாராவாரம் அந்தக் கண்ணாடியைத் தூசி தட்டியவள் அவள். இப்போதுதான் மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, உட்கார்ந்து, ஓரத்தில் இருந்த அந்த இரண்டு வரியையும் மெல்லப் படித்தாள்.