ஆரஞ்சுக் கோட்டும் ஆறு நாய்களும்

என் மனைவி நெரைடாவுக்கு நாய்களை நடக்கக் கூட்டிப்போவதுதான் தொழில். பிராங்ஸிலிருந்து காலையில் ரயிலேறி மன்ஹாட்டனுக்குப் போவாள். வேலைக்குப் போய்விட்டவர்களின் நாய்களை வீடு வீடாகச் சேர்த்துக்கொண்டு, ஆறு நாய்களோடு பூங்காவைச் சுற்றி வருவாள். கர்ப்பத்தில் ஏழாம் மாதம் தொடங்கிய பிறகும் விடவில்லை. டாக்டரே நடக்கச் சொல்லியிருக்கிறார் என்பாள். ஆறு நாய்களோடு நடக்கச் சொன்னாரா என்று கேட்டால் கயிறுகளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

அந்த ஜனவரியில் அவளுடைய கோட்டு எதுவும் வயிற்றைத் தாண்டி மூடவில்லை. கட்டடங்களுக்குச் சாரம் கட்டும் வேலைக்கு நான் போட்டுப்போகும் ஆரஞ்சு நிறக் கோட்டை எடுத்துக்கொண்டாள். அதுவும் எட்டவில்லை. பழைய பூப்போட்ட பஞ்சுப் போர்வையிலிருந்து ஒரு துண்டை வெட்டி, ஜிப்பின் இரண்டு பக்கங்களுக்கும் நடுவே வைத்து, வரிசையாக ஊக்கு குத்தினாள். குளியலறைத் திரையின் வளையங்களில் நான்கைக் கழற்றிக் கோட்டின் ஓரத்தில் தைத்து, ஆறு வீட்டுச் சாவிகளையும் கையுறைகளையும் அதில் தொங்கவிட்டாள். குனிந்து பையைத் துழாவ வேண்டியதில்லை, பாருங்கள்.

அவளுடைய தங்கை இவெலிஸ் எங்களோடுதான் இருந்தாள். ஆடை வடிவமைப்புப் படிப்பில் இரண்டாம் வருடம். இன்னும் இரண்டு வருடம் கழித்து ஊர் என்ன உடுத்தும் என்று ஊகித்து, அந்த எண்ணம் எதைப் பார்த்து வந்தது என்பதற்கான படங்களை ஒரு பலகையில் ஒட்டிக் காட்ட வேண்டும். அதுதான் அந்தப் பருவத்தின் பெரிய வேலை. இவெலிஸ் கடலடிப் பவளப்பாறைகளை ஒட்டிக்கொண்டு போனாள். மாலையில் பலகையோடு சமையலறையில் வந்து உட்கார்ந்தவள் ஒட்டிய படங்களை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன ஆச்சு?" என்றேன்.

"இந்த வருஷம் பவளப்பாறையோட வந்த பதினோராவது ஆள் நானாம் மாமா. 'நீ கடைசியா கடலுக்குப் போனது எப்போ'ன்னு கேட்டாங்க எங்க டீச்சர் மிஸ் கார்வி."

"எப்போ போன?"

"ஒன்பது வயசுல. ஜெல்லி மீன் கொட்டிடுச்சு."

அந்த நேரத்தில்தான் நெரைடா கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள். தோளெல்லாம் பனி, வளையங்களில் சாவிகள் குலுங்க, அந்த ஆரஞ்சுக் கோட்டில். இவெலிஸ் நிமிர்ந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்னடி அப்படிப் பாக்குற? சோறு இருக்கா, இல்ல ரெண்டு பேரும் தின்னுட்டீங்களா?"

இவெலிஸ் பென்சிலைத் தேடினாள். அன்றிலிருந்து ஒரு வாரம் அவளைப் பிடிக்க முடியவில்லை. உடம்பு மாற மாற அதோடு சேர்ந்து மாறும் கோட்டு ஒன்றை வரைந்தாள். அகலவும் குறுகவும் நடுவில் மாற்றிக்கொள்ளும் துண்டு, கைக்கெட்டும் இடத்தில் வளையங்கள். இனிமேல் ஜனங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோட்டு வாங்க மாட்டார்கள், ஒன்றையே பல மாதிரி போடுவார்கள் என்று எழுதினாள். மிஸ் கார்வி அதைப் படித்துவிட்டுக் கல்லூரி நடைபாதைச் சுவரில் மாட்டச் சொன்னாராம்.

எங்களுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. நெரைடாவை ஒருநாள் பூங்காவில் பின்னாலேயே போய்ப் படம் எடுத்திருக்கிறாள் இவெலிஸ். அந்தப் படமும் சுவரில் இருந்தது. நெரைடா கூட்டிப்போகும் பூடில் நாயின் வீட்டு அம்மாள் ஏதோ வேலையாகக் கல்லூரிக்குப் போனவர், மறுநாள் வாசலில் பார்த்தபோது சிரித்துக்கொண்டே அவளிடம் சொல்லிவிட்டார்.

நெரைடா நாய்களைத் திருப்பி விட்டுவிட்டு நேரே கல்லூரிக்குப் போய்ப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"தலை கலைஞ்சு, மூக்கு சிவந்து, ஊக்கெல்லாம் பல்ல இளிச்சுக்கிட்டு... என்கிட்ட நல்ல துணியே இல்லையாடி? உன் கண்ணுக்கு இதுதான் கிடைச்சுதா?"

"அழகா இருந்துச்சுக்கா. அதான்..."

"அழகா! சரி, அதக்கூட விடு. கீழ என்ன எழுதியிருந்த? 'பெயர் தெரியாத உழைப்பாளி.' என் பேரு உனக்குத் தெரியாதா?"

இவெலிஸுக்கு முகம் வெளுத்துவிட்டது. வகுப்பில் எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள் என்று ஏதோ முணுமுணுத்தாள். நெரைடா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஜாக்கெட் தையலிலிருந்து கல்லூரி விண்ணப்பம் வரை தங்கைக்கு எல்லாம் செய்தவள். அவள் கோபித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

மறுநாள் காலை முதல் ஆளாகப் போய் இவெலிஸ் படத்தைக் கிழித்தெடுத்துவிட்டாள். எதைப் பார்த்து வரைந்தாய் என்று காட்டாவிட்டால் மதிப்பெண் குறையும் என்று மிஸ் கார்வி சொன்னபோது, குறையட்டும் என்றாளாம். அக்காவிடம் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. என்னிடம் மட்டும் சொன்னாள், யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு. என்னிடம் ரகசியம் தங்காது. அரை மணி நேரம் தாக்குப்பிடித்தேன்.

நெரைடா அதைக் கேட்டுவிட்டு எழுந்து வந்தாள். பிறகு தங்கையைக் கூப்பிட்டாள்.

"மார்க்கு போகப்போகுதாமே?"

"மாமா!" என்று இவெலிஸ் என்னைப் பார்த்து முறைத்தாள்.

"அவர விடு. படம் மறுபடி மாட்டு. ஆனா நான் சொல்ற படம். தலை சீவி, கம்மல் போட்டு, உதட்டுச்சாயம் பூசி. கோட்டு இதேதான். அப்புறம் கீழ எழுது: 'கோட்டு, நெரைடா. வரைபடம், இவெலிஸ்.' யார் முதல்ல யோசிச்சாங்களோ அவங்க பேரு மேல."

"சரிக்கா," என்றாள் இவெலிஸ். சொல்லிவிட்டு அழுதாள். நெரைடாவும் அழுதாள், ஆனால் அது வயிற்றுப் பிள்ளையின் வேலை என்றாள்.

படத்தை நான்தான் எடுத்தேன். ஆறு நாய்களும் ஒரே பக்கம் பார்ப்பதற்குள் என் விரல்கள் மரத்துவிட்டன.

வகுப்பில் காட்டும் நாளன்று நெரைடா அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு நேரிலேயே வந்தாள். நான் பின்வரிசையில் உட்கார்ந்தேன். மிஸ் கார்வி கோட்டைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இந்தத் துண்டு ஏன் நடுவுல இல்லாம வலது பக்கம் சாஞ்சிருக்கு?" என்று இவெலிஸைக் கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. அக்காவைப் பார்த்தாள்.

"குழந்தை அந்தப் பக்கம்தாங்க படுத்துக்கிடக்கு," என்றாள் நெரைடா. "வயிறு அங்கதான் அதிகமா துருத்துது."

"குழந்தை பிறந்துட்டா இந்தத் துண்டு எதுக்கு?" என்று ஒரு மாணவன் கேட்டான்.

"பிள்ளையை நெஞ்சோட கட்டிக்கிட்டு மேல மூடிக்கலாமே தம்பி. வளந்து நடக்க ஆரம்பிச்சா கழட்டிடு, கோட்டு பழையபடி என் புருஷனுக்கு."

வகுப்பு சிரித்தது. இவெலிஸ் சிரிக்கவில்லை. அவசரமாக எழுதிக்கொண்டிருந்தாள். அந்த யோசனை அவள் வரைந்த பன்னிரண்டு படங்களில் ஒன்றில்கூட இல்லை.

மதிப்பெண் நன்றாகவே வந்தது. வகுப்பில் மூன்றாவது. மார்ச்சில் எங்களுக்குப் பெண் பிறந்தாள். ஆண்டு முடிவில் இவெலிஸ் அந்தக் கோட்டை முறையாகவே தைத்தாள், ஊக்குக்குப் பதில் பித்தான்கள் வைத்து. ஒவ்வொரு பித்தானுக்கும் அக்காவும் தங்கையும் சண்டை போட்டார்கள். இப்போது நெரைடா அதற்குள் மகளைச் சுமந்துகொண்டு, நான்கே நாய்களோடு பூங்காவுக்குப் போகிறாள்.

நான் எனக்குப் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டேன், சாம்பல் நிறத்தில். போட்டுக்கொண்டு வந்து நின்றேன்.

"ஏன் மாமா, இத்தனை கலர் இருக்க இதுவா?" என்றாள் இவெலிஸ்.

"கேக்காத," என்றாள் நெரைடா. "திருப்பிக் குடுத்துட்டு வரச் சொல்லு."